புது காருக்கு ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் கவர் போடலாமா? எந்த வருஷம் போடணும்ங்கறதுதான் விஷயமே

ஷோரூம்ல குடுக்கற இன்சூரன்ஸ் கொட்டேஷன்ல ஜீரோ டெப், இன்ஜின் ப்ரொடெக்ட், சாவி தொலைஞ்சா, டயர் போனா, ரோட்சைடு அசிஸ்டன்ஸ்னு வரிசையா இருக்கும், அதுக்கு நடுவுல ஒரு வரி ரிட்டர்ன் டு இன்வாய்ஸ். சுருக்கமா ஆர்டிஐ-ன்னு சொல்வாங்க. சேல்ஸ்ல இருக்கற தம்பி "சார் இதை போட்டுட்டா வண்டி திருடு போனாலும் முழு காசும் வந்துரும்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த வரிக்கு போயிருவார். அவர் சொல்றது பொய்யில்ல. ஆனா முழு காசுன்னா எது முழு காசு, எந்த மாதிரி நஷ்டத்துக்கு வரும், எதுக்கு வராதுன்னு தெரியாம டிக் அடிச்சா பாதி பேருக்கு அது வீண் செலவு, மீதி பேர் தேவைப்படற நேரத்துல அதை கேன்சல் பண்ணிட்டு நிப்பாங்க.

முதல்ல ஐடிவி-ன்னா என்னன்னு பாத்துருவோம், அது புரியாம இது புரியாது. உங்க வண்டி மொத்தமா போயிருச்சுன்னா, அதாவது திருடு போய் கிடைக்கவே இல்ல, இல்லன்னா ரிப்பேரே பண்ண முடியாத அளவு நொறுங்கிருச்சுன்னா, இன்சூரன்ஸ் கம்பெனி அதிகபட்சமா எவ்ளோ தரும்னு பாலிசில ஒரு தொகை போட்டுருப்பாங்க, அதான் ஐடிவி. இது நீங்க ஷோரூம்ல கட்டின காசு இல்ல. கார் தயாரிக்கற கம்பெனி அறிவிச்ச விற்பனை விலைல இருந்து வண்டியோட வயசுக்கு ஏத்த மாதிரி தேய்மானம் கழிச்சு வர்றது. ரோட் டாக்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸுக்கு கட்டின காசு எதுவும் இதுக்குள்ள வராது. தேய்மான அட்டவணை ரொம்ப நாளா ஒண்ணுதான்: 6 மாசம் வரைக்கும் 5 சதவீதம், 6 மாசத்துல இருந்து 1 வருஷம் வரை 15, ரெண்டாவது வருஷத்துல 20, மூணாவதுல 30, நாலாவதுல 40, அஞ்சாவதுல 50. இதுல கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் ஏத்தி இறக்கி தருவாங்க, ஆனா அடிப்படை இதான்.

ஒரு நல்ல விஷயம் என்னன்னா, பாலிசி எடுத்த அன்னிக்கு போட்ட ஐடிவி அந்த பாலிசி வருஷம் முழுக்க மாறாது. டோட்டல் லாஸ் ஆனா நடுவுல "இப்ப மார்க்கெட் ரேட் கம்மி"ன்னு சொல்லி கழிக்கக் கூடாது.

இப்ப ஒரு கணக்கு. எக்ஸ்-ஷோரூம், அதாவது ரோட் டாக்ஸும் இன்சூரன்ஸும் சேராத விலை, 9 லட்சம் ரூபாய்க்கு ஒரு கார் வாங்கறீங்கன்னு வைங்க, தமிழ்நாட்டுல. 2023 நவம்பர்ல இங்க லைஃப் டாக்ஸை ஏத்துனாங்க இல்லையா, அதுபடி 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5-ல இருந்து 10 லட்சம் வரை 13, 10-ல இருந்து 20 லட்சம் வரை 18, அதுக்கு மேல 20 சதவீதம். அப்ப இந்த வண்டிக்கு டாக்ஸ் மட்டும் 1,17,000. அது இல்லாம ரெஜிஸ்ட்ரேஷன் செலவு, முதல் வருஷ இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஹேண்ட்லிங் அது இதுன்னு சேர்த்தா கையை விட்டுப் போறது பத்தரை லட்சத்துக்கு மேல. ஆனா பாலிசில இருக்கற ஐடிவி 8,55,000. வண்டி டெலிவரி எடுத்து கேட்டைத் தாண்டறதுக்குள்ளயே ஒன்றரை லட்சத்துக்கும் மேல வித்தியாசம். ரெண்டாவது வருஷம் ஐடிவி 7,20,000 ஆயிரும், மூணாவது வருஷம் 6,30,000.

இந்த பள்ளத்தை நிரப்பறதுதான் ஆர்டிஐ. டோட்டல் லாஸ் ஆனா ஐடிவி எவ்ளோவோ அதை மெயின் பாலிசி தரும், அதுக்கும் இன்வாய்ஸ் விலைக்கும் நடுவுல இருக்கறத ஆட்-ஆன், அதாவது கூடுதலா காசு கட்டி மெயின் பாலிசி மேல ஏத்தற இந்த கவர், தரும். நம்ம உதாரணத்துல ரெண்டாவது வருஷம்னா 7,20,000-க்கு பதிலா 9 லட்சம். இதுல இருந்து கட்டாயமா கழிக்கற தொகை ஒண்ணு இருக்கு, 1500 சிசி வரைக்கும் 1,000 ரூபாய், அதுக்கு மேல 2,000, இந்த இடத்துல அது பெருசில்ல விடுங்க. இன்னொண்ணு, பேர் கேட்டா புது வண்டியே கொண்டாந்து நிறுத்துவாங்க போலன்னு தோணும், நம்ம ஊர்ல அப்டி இல்ல, காசாதான் வரும். மேல இந்த ஆட்-ஆன் தேர்ட் பார்ட்டி பாலிசி (அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கு) மட்டும் வெச்சுருக்கறவங்களுக்கு கிடையாது, ஓன் டேமேஜ் (உங்க வண்டி சேதத்துக்கு) இல்லன்னா ரெண்டும் சேர்ந்த காம்ப்ரஹென்சிவ் பாலிசி இருந்தாதான் அது மேல ஏத்த முடியும்.

சரி, இன்வாய்ஸ்னா என்ன? இங்கதான் கம்பெனிக்கு கம்பெனி வேற வேற. சில பாலிசில எக்ஸ்-ஷோரூம் விலை மட்டும்தான் வரும். சில பாலிசில ரோட் டாக்ஸும் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணமும் சேர்த்து வரும், இன்னும் சிலதுல முதல் தடவை கட்டின இன்சூரன்ஸ் பிரீமியம் கூட வரும். மூணுக்கும் பேர் ஒண்ணுதான், கொட்டேஷன்ல ஒரே வரியாதான் தெரியும், விலைல கூட பெரிய வித்தியாசம் தெரியாம இருக்கலாம். ஆனா தமிழ்நாட்டுல வண்டி வாங்கறவனுக்கு இது சின்ன வித்தியாசம் இல்ல. 12 லட்சம் ரூபாய் வண்டிக்கு டாக்ஸே 2,16,000. 25 லட்சம் ரூபாய் வண்டிக்கு 5 லட்சம். டாக்ஸ் சேர்த்துத் தர்ற ஆர்டிஐ-க்கும் சேர்க்காம தர்றதுக்கும் நடுவுல இருக்கற தொகைல ஒரு பழைய கார் வாங்கிரலாம். அதனால பிரீமியத்தை கம்பேர் பண்றதுக்கு முன்னாடி இதை கம்பேர் பண்ணுங்க.

டீலர் குடுத்த டிஸ்கவுன்ட்டும் இதுல விளையாடும். பில்லுல டிஸ்கவுன்ட் கழிச்ச விலை இருந்தா அந்த விலைதான் கணக்கு. வெளிய போட்ட மியூசிக் சிஸ்டம், சீட் கவர், அலாய் வீல் எல்லாம் இன்வாய்ஸ்ல வராது, அதை தனியா டிக்ளேர் பண்ணி பிரீமியம் கட்டியிருந்தாதான் உண்டு. எக்ஸ்டென்டட் வாரண்டி, ஹேண்ட்லிங் சார்ஜ் இதெல்லாம் போனது போனதுதான்.

அடுத்து ஒரு சின்ன வாக்கியம், நிறைய பாலிசில இருக்கும்: இன்வாய்ஸ் விலை இல்லன்னா அதே மாடலோட இப்போதைய விலை, இதுல எது கம்மியோ அது. ரொம்ப நாளா இதை யாரும் கண்டுக்கல, ஏன்னா கார் விலை நம்ம ஊர்ல ஏறிட்டேதான் இருக்கும், எப்பவுமே இன்வாய்ஸ்தான் கம்மியா இருக்கும். 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி குறைஞ்சதும் கதை மாறிருச்சு. 4 மீட்டருக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் வண்டிக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் இருந்தது, அது 18 ஆச்சு. நம்ம 9 லட்சம் ரூபாய் கார் அந்த வகையா இருந்து, கம்பெனி வரிக்குறைப்பை முழுசா குடுத்திருந்தா, அதே வண்டி இப்ப சுமார் 8,23,000. அப்ப 2024-ல 9 லட்சம் குடுத்து வாங்கினவருக்கு ஆர்டிஐ இருந்தாலும் இந்த வாக்கியம் இருக்கற பாலிசில 8,23,000 தான் வரும். நியாயமா பாத்தா அந்த காசுக்கு அதே புது வண்டி கிடைக்குது, அழறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா 9 லட்சம் விலைல லோன் போட்டவருக்கு அது அவ்ளோ சுலபமா தெரியாது. இன்னொரு பக்கம், ரினியூவல்ல ஐடிவி கணக்கு பண்றதும் அந்த குறைஞ்ச விலைல இருந்துதான், 80 சதவீதம்னா சுமார் 6,58,000. ஆர்டிஐ இல்லாதவருக்கு பள்ளம் இன்னும் ஆழம்.

இப்ப முக்கியமான கேள்வி, எப்ப வரும். ரெண்டே சந்தர்ப்பம்தான். ஒண்ணு, வண்டி திருடு போய் கிடைக்கல. ரெண்டு, டோட்டல் லாஸ். இந்த ரெண்டாவதுக்கு ஒரு கோடு போட்டுருக்காங்க: வண்டியை தூக்கிட்டு வந்து சரி பண்ற செலவு, பாலிசி விதிப்படி கணக்கு போட்டு, ஐடிவி-ல 75 சதவீதத்தைத் தாண்டினா அதை டோட்டல் லாஸா எடுத்துக்குவாங்க. 7,20,000 ஐடிவி-ன்னா கோடு 5,40,000-ல. செலவு 5,60,000 வந்தா முழு இன்வாய்ஸ் கைக்கு வரும். 5,20,000 வந்தா ரிப்பேர் பண்ணிதான் தருவாங்க, ஆர்டிஐ-ல ஒத்த ரூபா வராது. சேசிஸ் வளைஞ்சு, ஏர்பேக் வெடிச்சு, மூணு மாசம் ஒர்க்‌ஷாப்ல கெடந்து, வெல்டிங் போட்டு வர்ற வண்டியை நீங்க வாங்கிட்டு ஓட்டணும், விக்கப் போனா அடிபட்ட வண்டின்னு விலையும் கிடைக்காது. எனக்கு கேட்டா இந்த கவரோட பெரிய ஓட்டை இதுதான். 60-ல இருந்து 74 சதவீதத்துக்குள்ள விழறவங்கதான் ரொம்ப பாவம், அவங்களுக்கு இது ஒண்ணுமே பண்ணாது. பிரிட்டன் மாதிரி இடங்கள்ல முதல் வருஷத்துக்குள்ள வண்டி பாதிக்கு மேல சேதமானாலே புது வண்டி தர்ற பாலிசி சாதாரணமா இருக்கு, இங்க அந்த கோடு ரொம்ப மேல இருக்கு.

சென்னைல இருக்கறவங்களுக்கு டோட்டல் லாஸ்னா முதல்ல ஆக்சிடென்ட் ஞாபகம் வராது, தண்ணிதான் ஞாபகம் வரும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல், ரெண்டு தடவையும் பேஸ்மென்ட்லயும் தெருவுலயும் நின்ன வண்டிங்க மொத்தமா முழுகுச்சு. 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா காரை ஏத்தி நிறுத்தினாங்களே, சிரிச்சவங்க எல்லாம் முழுகின வண்டிக்கு எஸ்டிமேட் பாக்காதவங்க. சீட்டு உயரத்துக்கு மேல தண்ணி ஏறினா ஒயரிங், இசியு, ஏர்பேக் மாட்யூல், சீட்டு, கார்பெட்டுன்னு எல்லாத்தையும் மாத்தணும், இப்ப வர்ற வண்டில எலக்ட்ரானிக்ஸ் அவ்ளோ இருக்கறதால எஸ்டிமேட் சீக்கிரமா 75-ஐ தொட்டுரும். எலக்ட்ரிக் கார்னா பேட்டரி விலையே வண்டி விலைல கணிசமான பங்கு, அது போச்சுன்னா கோட்டைத் தாண்ட வேற எதுவும் வேணாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: தண்ணில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க. ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் லாக் ஆனா அது வெள்ளத்தால வந்த சேதம் இல்ல, நீங்க பண்ணதுன்னு சொல்லி ஒதுக்க வாய்ப்பிருக்கு, இன்ஜின் ப்ரொடெக்ட் இல்லன்னா அந்த செலவு உங்க தலைல, அதோட அது கணக்குல வராததால மொத்த எஸ்டிமேட்டும் டோட்டல் லாஸ் கோட்டைத் தொடாமலே போகலாம்.

நிறைய பேர் ஜீரோ டெப்பையும் இதையும் போட்டு குழப்பிக்கறாங்க. ஜீரோ டெப் ரிப்பேருக்கு, ஆர்டிஐ வண்டியே இல்லாம போறதுக்கு. பம்பர் உடைஞ்சா சாதா பாலிசில பிளாஸ்டிக்குக்கு பாதி காசுதான் தருவாங்க, ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக்குக்கும் அதே பாதி, ஜீரோ டெப் இருந்தா அந்த பாதியை நீங்க கட்ட வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது எங்கயாவது உரசற ஊர்ல அதோட பலன் கண்ணுக்குத் தெரியும். ஆர்டிஐ அப்டி இல்ல, போட்ட பெரும்பாலானவங்க வாழ்க்கைல ஒரு தடவை கூட அதை தொட மாட்டாங்க. ஆனா இன்சூரன்ஸ்ங்கறதே தாங்க முடியாத நஷ்டத்துக்குத்தானே, 6,000 ரூபாய் பம்பருக்கு அலைஞ்சு திரிஞ்சு கவர் போட்டுட்டு 3 லட்சம் ரூபாய் பள்ளத்தை அப்டியே விட்டுட்டுப் போறது எனக்கு தலைகீழா தெரியுது. ரெண்டும் போட முடிஞ்சா போடுங்க.

சரி, காசுக்கு வொர்த்தான்னு பாப்போம். இதுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு, உங்க கொட்டேஷனை கைல வெச்சுட்டு நீங்களே போடலாம். நஷ்டம் ஆனா ஆர்டிஐ கூடுதலா எவ்ளோ தரும்னு பாருங்க, அதை அதோட பிரீமியத்தால வகுங்க. பிரீமியம் 18 சதவீத ஜிஎஸ்டியோட சேர்த்து 3,000 ரூபாய்னு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம். எக்ஸ்-ஷோரூம் மட்டும் தர்ற வகைல முதல் வருஷம் கூடுதலா வர்றது 45,000, வகுத்தா 15. அதாவது இதே மாதிரி 15 வண்டில ஒண்ணு ஒரே வருஷத்துல திருடு போகணும் இல்ல நொறுங்கணும், அப்பதான் இந்த விலை நியாயம். அவ்ளோ எல்லாம் எங்கயும் நடக்காது. ரெண்டாவது வருஷம் கூடுதலா 1,80,000, வகுத்தா 60. மூணாவது வருஷம் 2,70,000, வகுத்தா 90. டாக்ஸும் சேர்த்துத் தர்ற வகையா இருந்தா முதல் வருஷம் 1,62,000, வகுத்தா 54. ரெண்டாவது வருஷம் 2,97,000, வகுத்தா 99. மூணாவது வருஷம் 3,87,000, வகுத்தா 129. நம்பர் எவ்ளோ பெருசோ அவ்ளோ நல்லது.

இந்த நம்பரைப் பாத்தா ஒண்ணு பளிச்சுன்னு தெரியும். வண்டி பழசாக ஆக இந்த கவரோட மதிப்பு ஏறுது. ஆனா நம்ம ஜனங்க பண்றது நேர் எதிர். புது வண்டி வாங்கறப்ப ஆசைல, டீலர் சொல்றார்னு எல்லா ஆட்-ஆனையும் போட்டு லோன்லயே சேர்த்துருவாங்க, அடுத்த வருஷம் ரினியூவல் வர்றப்ப ஆன்லைன்ல எது சீப்புன்னு தேடி, ஆர்டிஐ-ய எடுத்து விட்டுட்டு, சந்தோஷமா ஸ்க்ரீன்ஷாட் போடுவாங்க. பலன் கம்மியா இருக்கற வருஷத்துல காசு கட்டி, பலன் ஏறற வருஷத்துல வெளிய வந்துடறது. இதுல இன்னொரு சிக்கல், பெரும்பாலான கம்பெனி இதை 3 வருஷம் வரைக்கும்தான் தருது, சிலது 5 வரைக்கும், நடுவுல ஒரு வருஷம் விட்டுட்டு திரும்ப வந்து கேட்டா குடுக்காமலும் போகலாம். அதனால முதல் வருஷம் கொஞ்சம் நஷ்டக் கணக்கா இருந்தாலும், அடுத்த ரெண்டு வருஷம் தொடரப் போறீங்கன்னா போடறதுல ஒரு அர்த்தம் இருக்கு. முதல் வருஷம் மட்டும் போட்டுட்டு விடறதா இருந்தா, அதுவும் எக்ஸ்-ஷோரூம் வகையா இருந்தா, அந்த காசுக்கு வண்டிக்கு ஒரு டாஷ்கேம் வாங்கிப் போடுங்க.

2018 செப்டம்பர்ல இருந்து புது காருக்கு 3 வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம் ஆனதால சில பேர் "எனக்கு 3 வருஷ பாலிசி இருக்கே, ஆர்டிஐ-யும் 3 வருஷம் தானே"ன்னு நெனச்சுக்கறாங்க. 3 வருஷம்ங்கறது தேர்ட் பார்ட்டி மட்டும். உங்க வண்டிக்கான ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான், ஆட்-ஆன் அதோட ஒட்டிட்டு இருக்கறது, அது முடிஞ்சா இதுவும் முடிஞ்சது. பாலிசி பேப்பர்ல ரெண்டு தேதி இருக்கும், ரெண்டையும் பாருங்க.

இப்ப லோன். எனக்குத் தெரிஞ்சு ஆர்டிஐ-க்கு இதை விட வலுவான காரணம் வேற எதுவும் கிடையாது. அதே 9 லட்சம், முழுசும் லோன், 7 வருஷம், 9.5 சதவீத வட்டின்னு வைங்க, இஎம்ஐ சுமார் 14,710. பதினெட்டு மாசம் தவறாம கட்டினதுக்கப்புறம் பாக்கி எவ்ளோ தெரியுமா, சுமார் 7,54,000. வண்டி அந்த மாசம் திருடு போச்சுன்னா ஐடிவி 7,20,000 தான். ஆர்சில ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி பேங்க் கடன்ல இருக்குன்னு பதிவு, இருக்கறதால இன்சூரன்ஸ் காசு முதல்ல பேங்குக்குத்தான் போகும். அப்ப வண்டியும் இல்ல, கைல காசும் இல்ல, பேங்குக்கு இன்னும் 34,000 ரூபா நீங்கதான் கட்டணும், ஃபோர்க்ளோஷர் சார்ஜ் இருந்தா அது வேற. டாக்ஸ், பதினெட்டு இஎம்ஐ, எல்லாம் ஆத்துல போட்டது. ஆர்டிஐ இருந்தா லோனை அடைச்சுட்டு எக்ஸ்-ஷோரூம் வகைலயே கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம், டாக்ஸ் சேர்ந்த வகைன்னா ரெண்டரை லட்சத்துக்கு மேல கைல நிக்கும், அடுத்த வண்டிக்கு முன்பணம் ஆச்சு. முன்பணம் கம்மியா போட்டு நீள லோன் எடுத்தவங்க இதை யோசிக்கவே வேணாம், போட்டுருங்க.

பாதிக்கு மேல கைக்காசு போட்டு வாங்கினவங்க, வண்டி போனா இன்னொண்ணை வாங்கற வசதி இருக்கறவங்க, பூட்டின வீட்டுக்குள்ள பார்க்கிங் இருந்து வாரத்துக்கு ரெண்டு தடவை கோயிலுக்கும் கடைக்கும் எடுக்கறவங்க, இவங்களுக்கு இது அவசியம்னு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி தெருவுல நிறுத்தறவங்க, ஏரியைத் தூத்துக் கட்டின ஏரியால பேஸ்மென்ட் பார்க்கிங் இருக்கறவங்க, தினம் ஹைவேஸ்ல ஓடறவங்க வேற கணக்கு. செகண்ட் ஹேண்ட் வாங்கினவங்களுக்கு பெரும்பாலும் இது கிடையாது, முதல் ஓனருக்குத்தான் தருவாங்க.

இதுல எவ்ளோ லாபம் விக்கறவங்களுக்குப் போகுதுங்கறதும் தெரிஞ்சு வெச்சுக்கணும். பிரிட்டன்ல இதோட அண்ணன் தம்பி மாதிரி கேப் இன்சூரன்ஸ்னு ஒண்ணு, கார் டீலர்கள் தனியா விப்பாங்க, இதே பள்ளத்தை நிரப்பறதுதான் வேலை. அங்க இருக்கற நிதித்துறை கண்காணிப்பு அமைப்பு எஃப்சிஏ கணக்கெடுத்துப் பாத்தா, ஜனங்க கட்டின பிரீமியத்துல வெறும் 6 சதவீதம்தான் கிளெய்மா திரும்பிப் போயிருக்கு, சில இடத்துல பிரீமியத்துல 70 சதவீதம் வரைக்கும் விக்கறவங்களுக்கு கமிஷன். 2024 பிப்ரவரில பல கம்பெனிகளை விற்பனையையே நிறுத்தி வைக்க வெச்சாங்க. நம்ம ஊர் ஆர்டிஐ-யும் அப்டித்தான்னு இதை வெச்சு சொல்லிர முடியாது, இங்க இது பாலிசிக்குள்ளயே வர்ற சின்ன ஆட்-ஆன். ஆனா ஷோரூம் கொட்டேஷனை மட்டும் பாத்து கையெழுத்து போடாம, அதே ஐடிவி, அதே ஆட்-ஆன் வெச்சு வெளிய ரெண்டு இடத்துல விலை கேட்டா அந்த வரி எவ்ளோ இறங்குதுன்னு நீங்களே பாப்பீங்க. டீலர்கிட்டதான் இன்சூரன்ஸ் எடுக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. என் சொந்த அளவுகோல் என்னன்னா, மேல சொன்ன வகுத்தல்ல 60-க்கு மேல வந்தா தாராளமா போடலாம், 30-க்கு கீழ வந்தா லோன் பாரம் இல்லாதவங்க விட்டுரலாம், நடுவுல வந்தா பார்க்கிங்கைப் பாத்து முடிவு பண்ணுங்க.

கிளெய்ம் பக்கம் ரெண்டு மூணு விஷயம். வண்டி திருடு போனா ஸ்டேஷன்ல முதல்ல புகார் வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சியா சிஎஸ்ஆர் ரசீது மட்டும் குடுத்து அனுப்பப் பாப்பாங்க, அது பத்தாது, எஃப்ஐஆர் வேணும், விடாம கேளுங்க. அன்னிக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிருங்க. எஃப்ஐஆர் உடனே போட்டிருந்தா, கம்பெனிக்கு சொன்னது லேட்டுங்கற ஒரே காரணத்துக்காக உண்மையான திருட்டு கிளெய்மை மறுக்கக் கூடாதுன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட்டோட மூணு நீதிபதி பெஞ்ச் சொல்லியிருக்கு, ஆனா கோர்ட் வரைக்கும் போற அளவுக்கு வெச்சுக்காதீங்க. ரெண்டு சாவியும் கேப்பாங்க, ஒரு சாவி எங்கயோ போச்சுன்னா வண்டியிலயே விட்டுட்டீங்களான்னு சந்தேகம் வரும், அதனால ரெண்டாவது சாவியை பத்திரமா வைங்க. வண்டி கண்டுபிடிக்க முடியலைன்னு போலீஸ் குடுக்கற அறிக்கை வர மாசக்கணக்குல ஆகும், அது வரைக்கும் செட்டில்மென்ட் வராது, இஎம்ஐ மட்டும் ஓடிட்டே இருக்கும், நிறுத்துனீங்கன்னா சிபில் ஸ்கோர் போயிரும். வண்டி வாங்கின ஒரிஜினல் பில்லு, டாக்ஸ் கட்டின ரசீது ரெண்டையும் வண்டி டேஷ்போர்டுல வெக்காம வீட்டுல வைங்க, ஆர்டிஐ காசு வாங்க அந்த பேப்பர்தான் ஆதாரம், வண்டியோட சேர்ந்து அதுவும் போச்சுன்னா டீலர் பின்னாடி அலையணும். சொந்த உபயோகத்துக்குன்னு பதிஞ்ச வண்டியை வாடகைக்கு ஓட்டறப்ப ஏதாவது ஆச்சுன்னா மெயின் கிளெய்மே நிக்காது, ஆட்-ஆன் எங்க நிக்கும்.

ஏஜென்ட்கிட்டயோ கம்பெனிகிட்டயோ வாயால கேக்காம மெயில்ல கேளுங்க: டாக்ஸும் ரெஜிஸ்ட்ரேஷனும் சேருமா, எது கம்மியோ அதுங்கற வாக்கியம் இருக்கா, எத்தனை வருஷம் வரைக்கும் ரினியூ பண்ணலாம், கம்பெனி மாத்தினா அங்கயும் தொடரலாமா. பதில் வரலன்னா அந்த ஆட்-ஆனோட பாலிசி வார்த்தைகள் கம்பெனி வெப்சைட்லயே கிடைக்கும், ரெண்டு பக்கம்தான் இருக்கும், படிச்சுருங்க.

பைக்குக்கும் ஆர்டிஐ தர்றாங்க, அதை நிறைய பேர் கேக்கறதே இல்ல. 1,20,000 ரூபாய் பைக்னா ரெண்டாவது வருஷம் ஐடிவி 96,000, எக்ஸ்-ஷோரூம் வகைல கூடுதலா வர்றது 24,000. கார் மாதிரி லட்சக்கணக்குல பள்ளம் இல்ல, ஆனா ராத்திரில சத்தமில்லாம தள்ளிட்டுப் போறது காரை விட பைக்கைத்தான் சுலபம். கணக்கு அதேதான், அந்த வரில 400 ரூபாய்க்குள்ள போட்டிருந்தா எடுத்துக்கங்க, 800 கேட்டா அந்த காசுக்கு நல்ல டிஸ்க் லாக் ஒண்ணு வாங்கிப் போடுங்க.